மேகத்துக்குள் தனி நடை: ஃபேர்ஃபீல்டு ஹார்ஸ்ஷூ முகட்டுப் பாதைக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

இங்கிலாந்தின் லேக் டிஸ்ட்ரிக்ட்டில் ஆம்பிள்சைடு ஊரிலிருந்து கிளம்பி, ரைடல் பள்ளத்தாக்கைச் சுற்றி, குதிரை லாட வடிவில் திரும்பி வரும் முகட்டுப் பாதைதான் ஃபேர்ஃபீல்டு ஹார்ஸ்ஷூ. சுமார் 16 கிலோமீட்டர் நீளம். மொத்த ஏற்றம் ஏறக்குறைய 1000 மீட்டர். லோ பைக் (508 மீட்டர்), ஹை பைக் (656), டவ் கிராக் (792), ஹார்ட் கிராக் (822), ஃபேர்ஃபீல்டு (873), கிரேட் ரிக் (766), ஹெரான் பைக் (612), நாப் ஸ்கார் என்று வரிசையாக வரும். ஈர நாளில் 7 மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

வெயில் நாளில் இங்கே வழி கேட்கவே வேண்டாம், முன்னால் போகிறவர்கள் பின்னாலேயே போகலாம். மேகம் இறங்கிய நாளில் இருபது மீட்டருக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. மேலே போய்த் தடுமாறுகிற புதியவர்களைப் பார்த்தால், பெரும்பாலும் உடம்பில் வலு இல்லாதவர்கள் அல்ல. கீழே முடித்திருக்க வேண்டிய வேலையை மேலே கொண்டுபோனவர்கள். குளிரில், காற்றில், நனைந்த கையோடு யாருக்கும் நன்றாக யோசிக்க வராது. அதனால் இந்த வழிகாட்டியில் ஏறக்குறைய பாதி கிளம்புவதற்கு முந்தைய வேலைதான்.

ஒரு நிபந்தனை. இதே பாதையையோ இது போன்ற ஒன்றையோ தெளிவான நாளில், துணையோடு ஒருமுறையாவது நடந்திருங்கள். மேகத்துக்குள் தனியாகப் போவது முதல் மலை நடையாக இருக்கக் கூடாது. குளிர்காலப் பனிக்கும் இந்தக் குறிப்புகள் போதாது. மே முதல் செப்டம்பர் வரையிலான நாட்களை நினைத்துத்தான் எழுதுகிறேன்.

1. முந்தின இரவே முடிவெடுங்கள்

ஆம்பிள்சைடு ஊருக்கான வானிலையைப் பார்த்துக் கிளம்புவதுதான் முதல் தவறு. ஊர் கடல் மட்டத்திலிருந்து ஐம்பது அறுபது மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உச்சி 873 மீட்டர். மேலே 5 டிகிரியாவது குளிர் கூடும், காற்று இரண்டு மடங்காகக்கூட இருக்கும். பிரிட்டனின் வானிலைத் துறையான மெட் ஆஃபீஸ் தரும் மலை வானிலை அறிக்கையையும், மலைகளுக்கென்றே வானிலை சொல்லும் எம்.டபிள்யூ.ஐ.எஸ். (MWIS) சேவையின் அறிக்கையையும் படியுங்கள்.

அவற்றில் மூன்று விஷயம் பாருங்கள். உச்சியில் காற்றின் வேகம், அது வீசும் திசை, மேகத்தின் அடிமட்டம். மழை நான்காவதுதான். நல்ல ஜாக்கெட் இருந்தால் மழையில் நடக்கலாம். காற்றுக்கு ஜாக்கெட் மட்டும் போதாது.

என் வரம்பு இது: உச்சியில் காற்று மணிக்கு 30 மைல் வரை என்றால் போகலாம். இடையிடையே 40 மைல் தாண்டி வீசும் என்றால் தனியாகப் போவதில்லை, ஏனென்றால் அந்த வேகத்தில் கால் வைத்த இடத்தில் நிற்காது. இடி என்ற சொல் வந்தாலே வேண்டாம். முகட்டில் ஒதுங்க இடமே கிடையாது.

எந்த நாளிலும் தாமதமாகக் கிளம்பாதீர்கள். காலை 8 மணிக்கு நடக்க ஆரம்பித்தால், வழி தவறி இரண்டு மணி நேரம் வீணானாலும் வெளிச்சத்தோடு இறங்கிவிடலாம்.

2. பையில் என்ன இருக்க வேண்டும்

ஜீன்ஸ், காட்டன் டீ-ஷர்ட் வேண்டாம். பருத்தி நனைந்தால் உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், காயவும் காயாது. பாலியெஸ்டரோ மெரினோ கம்பளியோ உள்ளே போடுங்கள். மேலே ஃப்ளீஸ், அதற்கு மேல் தலைமூடி வைத்த ரெயின் ஜாக்கெட். ரெயின் பேன்ட்டைப் பலர் விட்டுவிடுகிறார்கள். தொடை நனைந்தபின் காற்று பட்டால் குளிர் உடம்பெல்லாம் ஏறும். அதையும் எடுங்கள்.

குடை கொண்டுவருகிறவர்களைப் பார்க்கிறேன். முகட்டில் அது முதல் காற்றிலேயே மடங்கிப் போகும், ஒரு கையையும் பிடித்துக்கொள்ளும்.

கோடைக்காலமானாலும் கையுறை இரண்டு ஜோடி, குல்லா ஒன்று. மூக்குக் கண்ணாடி போடுகிறவர்கள் தலைமூடிக்குள் முன்விளிம்பு நீண்ட தொப்பி ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். கண்ணாடியில் தூறல் படிந்துவிட்டால் காம்பஸ் முள்கூடத் தெரியாது.

இன்னொரு ஃப்ளீஸ் தனியாக, பிளாஸ்டிக் பைக்குள் கட்டி, பையின் அடியில். நடக்கும்போது அதைத் தொடாதீர்கள். கால் சுளுக்கி உட்கார நேர்ந்தால் போடுவதற்காக மட்டும் அது. அதோடு ஆரஞ்சு நிற சர்வைவல் பை (ஆள் உள்ளே புகுந்துகொள்ளும் பெரிய பை), விசில், நெற்றி டார்ச், பவர் பேங்க். தனியாகப் போகிறவருக்கு இவை கூடுதல் பொருள் அல்ல. உதவி வந்துசேர மணிக்கணக்கில் ஆகும், அதுவரை உங்கள் சூட்டைக் காப்பது இவைதான்.

சாப்பாட்டில் நம் ஆட்கள் செய்யும் தவறு ஒன்று உண்டு. டப்பாவில் புளிசாதம், எலுமிச்சை சாதம். ருசிக்குக் குறைவில்லை, ஆனால் கையுறையைக் கழற்றி, மூடியைத் திறந்து, காற்றில் விரல் விறைக்கச் சாப்பிட வேண்டும். அதனால் பலர் சாப்பிடாமலே நடந்து சோர்ந்து போகிறார்கள். எள்ளுப்பொடியும் நெய்யும் தடவிச் சுருட்டிய சப்பாத்தியைத் தனித்தனியாக ஃபாயிலில் சுற்றி ஜாக்கெட் பாக்கெட்டில் வைத்தால், கையுறையோடு பிரித்து நடந்துகொண்டே கடிக்கலாம். கூடவே கடலை மிட்டாய், ஒரு ஃபிளாஸ்க் சூடான டீ.

3. மேப், காம்பஸ், போன்

காகித மேப் கட்டாயம். 1:25,000 அளவில் ஆர்ட்னன்ஸ் சர்வே போட்டதோ, 1:40,000 அளவில் ஹார்வி போட்டதோ எதுவானாலும் சரி. நனையாத உறையில் போட்டு, அன்றைய பகுதி வெளியே தெரியும்படி மடித்து வையுங்கள். காற்றில் மேப்பை விரிக்கவே கூடாது.

போனில் மேப் ஆப் இருக்கட்டும், நானும் வைத்திருக்கிறேன். ஆனால் ஈரத் திரை விரலுக்கு வேலை செய்யாது, குளிரில் பேட்டரி வேகமாக இறங்கும். அந்தப் பகுதி மேப்பை முன்பே டவுன்லோட் செய்து, ஏரோப்ளேன் மோடில் போட்டு, உடம்பை ஒட்டிய பாக்கெட்டில் வையுங்கள். இருக்கும் இடத்தை உறுதி செய்ய எடுப்பது, திரும்ப உள்ளே வைப்பது. அவ்வளவுதான் அதன் வேலை.

காம்பஸையும் போனையும் ஒரே பாக்கெட்டில் போடாதீர்கள். போனிலும் அதன் கவரிலும் காந்தம் இருக்கிறது. நாள்பட ஒட்டியிருந்தால் காம்பஸ் முள் தலைகீழாகவே மாறிப்போகும், சிவப்பு முனை தெற்கைக் காட்டும். கிளம்பும் காலையில், வடக்கு எது என்று நிச்சயமாகத் தெரிந்த இடத்தில் ஒருமுறை சரிபாருங்கள்.

கிளம்புவதற்கு முன் இன்னொன்று: அவசர எண் 999-க்கு 'ரெஜிஸ்டர்' என்ற ஆங்கிலச் சொல்லை எஸ்.எம்.எஸ். அனுப்பி, வரும் பதிலின்படி பதிவு செய்துகொள்ளுங்கள். பேச முடியாத அளவு சிக்னல் குறைந்த இடத்தில்கூடக் குறுஞ்செய்தி போய்விடலாம். முன்பே பதிந்த எண்ணிலிருந்துதான் அது செல்லும்.

4. மேஜையில் உட்கார்ந்து சீட்டு எழுதுங்கள்

இதுதான் முழு நடையிலும் முக்கியமான படி. பாதையைத் துண்டு துண்டாகப் பிரியுங்கள். ஒவ்வொரு துண்டுக்கும் ஐந்து விஷயம் எழுதுங்கள்: எந்த டிகிரியில் (வடக்கிலிருந்து வலமாகக் காம்பஸில் எண்ணும் திசை) போக வேண்டும், எத்தனை மீட்டர், எவ்வளவு ஏற்றம், எத்தனை நிமிடம், வழி தவறினால் அதை எது காட்டிக்கொடுக்கும்.

நேரத்துக்கு நெய்ஸ்மித் கணக்கு போதும். மூல விதி மணிக்கு 5 கிலோமீட்டர், ஒவ்வொரு 100 மீட்டர் ஏற்றத்துக்கும் 10 நிமிடம் கூடுதல். ஈர நாளில் 4 கிலோமீட்டர் என்று வைத்துப் போடுங்கள்.

உதாரணத்துக்கு ஃபேர்ஃபீல்டிலிருந்து கிரேட் ரிக். ஏறக்குறைய 190 டிகிரி, அதாவது தெற்கிலிருந்து கொஞ்சம் மேற்காக. தூரம் 1.4 கிலோமீட்டர், பெரும்பகுதி இறக்கம், 21 நிமிடம். ஐந்தாவது விஷயமாக எழுத வேண்டியது: "சரிவு மென்மையாக இருக்க வேண்டும். சட்டென்று செங்குத்தானால் தவறு." இந்த எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் உங்கள் மேப்பில் நீங்களே அளந்து பாருங்கள். அளக்கும்போதுதான் அந்த இடத்தின் உருவம் மனதில் பதியும்.

சீட்டின் ஒரு நகலைப் போட்டோ எடுத்து வீட்டில் ஒருவருக்கு அனுப்புங்கள். எத்தனை மணிக்குள் உங்கள் செய்தி வராவிட்டால் 999-ஐ அழைத்து, போலீஸ் கேட்டு, மவுன்டன் ரெஸ்க்யூ (மலை மீட்புக் குழு) வேண்டும் என்று சொல்ல வேண்டும் என்பதையும் எழுதுங்கள். "சாயங்காலம் வந்துடுவேன்" என்று சொல்லிவிட்டுப் போவது அவருக்கு எந்த உதவியும் செய்யாது.

5. எந்தப் பக்கமாகச் சுற்றுவது

லோ பைக் வழியாக ஏறி நாப் ஸ்காரில் இறங்குங்கள். காரணம் ஒரு சுவர். கிழக்கு முகடு முழுக்க, லோ பைக்கிலிருந்து டவ் கிராக் தாண்டும் வரை, ஒரு கல்லடுக்குச் சுவர் கூடவே வருகிறது. மேகத்துக்குள் அதைவிட நல்ல வழிகாட்டி கிடையாது. வேண்டாம் என்று தோன்றினால் அதையே பிடித்துக்கொண்டு வந்த வழியே திரும்பலாம். எதிர்ப்பக்கமாகச் சுற்றினால் அந்த வசதி கடைசியில்தான் வரும்.

இதற்கு ஒரு விலை உண்டு. இங்கே காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வரும். ஃபேர்ஃபீல்டிலிருந்து தெற்கே திரும்பும்போது களைத்த நேரத்தில் மழை முகத்திலேயே அடிக்கும். அதற்காகத்தான் காற்றின் திசையைப் பார்க்கச் சொன்னேன். தென்மேற்குக் காற்று வரம்பை ஒட்டி இருக்கும் நாளில், டவ் கிராக் வரை போய்த் திரும்புவதே நல்ல நடை.

6. ஊரிலிருந்து சுவர் வரை

ஆம்பிள்சைடில் நூக் லேன் வழியாக ஏறி, நூக் எண்ட் பண்ணையைக் கடந்து, லோ ஸ்வீடன் பாலத்தில் ஸ்காண்டேல் ஓடையைத் தாண்டுங்கள். மழை நாளுக்கு முகட்டுப் பாதையைச் சிபாரிசு செய்ய இதுவும் ஒரு காரணம்: பெருகி ஓடும் ஓடையை இறங்கிக் கடக்கும் வேலை இல்லை, பாலம் இருக்கிறது.

தூறல் ஆரம்பிக்கும் முன்பே ரெயின் பேன்ட்டைப் போட்டுவிடுங்கள். நனைந்தபின் போட்டால் ஈரத்தை உள்ளே வைத்துத் தைத்த மாதிரி ஆகும். அதே சமயம் ஏறும்போது வேர்க்கவும் விடாதீர்கள். வேர்வையில் நனைந்தாலும் நனைந்ததுதான். ஃப்ளீஸைக் கழற்றிவிட்டு, கொஞ்சம் குளிராகவே நடக்க ஆரம்பியுங்கள்.

இந்த ஏற்றத்தில் ஒரு சின்ன வேலையும் செய்துவிடலாம். பாதை சமமாக இருக்கும் இடத்தில், மேப்பில் அளந்த 100 மீட்டருக்கு உங்கள் இடது கால் எத்தனை முறை தரையில் படுகிறது என்று எண்ணுங்கள். பலருக்கு 60-லிருந்து 70 வரை வரும். மேலே பார்வை போனபின் தூரத்தைச் சொல்வது இந்த எண்தான்.

7. சுவரோடு

லோ பைக் பக்கம் சுவரை ஒட்டி ஒரு சின்னப் பாறைப் படி வரும். கையும் ஊன்றி ஏற வேண்டியிருக்கும். இங்குள்ள எரிமலைப் பாறை காய்ந்திருக்கும்போது நன்றாகப் பிடிக்கும், பாசி படிந்து நனைந்தால் வழுக்கும். சுற்றிப் போக வழி இருக்கிறது, அதில் போங்கள்.

அப்புறம் சேறு. சுவரோரம் நெடுக சதுப்பு தேங்கியிருக்கும். அதைத் தவிர்க்க ஒதுங்கி ஒதுங்கிப் போய்ச் சுவரைக் கண்ணிலிருந்து தவறவிடுகிறவர்கள் உண்டு. பூட்ஸ் நனையட்டும். சுவர் கண்ணில் இருக்க வேண்டும்.

டவ் கிராக்கின் உச்சிக் கற்குவியல் சுவருக்குக் கிழக்கே கொஞ்சம் தள்ளி இருக்கிறது. உச்சியைத் தொட ஆசைப்பட்டால், சுவரில் நின்று திசை பார்த்து, காலடி எண்ணிப் போய், அதற்கு நேர் எதிர்த் திசையில் திரும்பி வாருங்கள். கிழக்குப் பக்கம் செங்குத்துப் பாறை. உச்சியைத் தொடாமல் போவதிலும் ஒரு குறையும் இல்லை.

8. சுவர் முடியும் இடத்தில் நில்லுங்கள்

டவ் கிராக் தாண்டி ஹார்ட் கிராக் நோக்கிப் போகையில் சுவர் முடிந்துவிடுகிறது. அங்கே நின்று, காற்றுக்கு முதுகைக் காட்டி, ஒரு சப்பாத்தி சாப்பிட்டுவிட்டு நான்கு கேள்வி கேளுங்கள்.

சீட்டில் எழுதிய நேரத்தைவிட அரை மணிக்கு மேல் பின்தங்கியிருக்கிறேனா? உள்ளாடை நனைந்துவிட்டதா? கட்டைவிரலும் சுண்டுவிரலும் ஒன்றையொன்று தொடுகின்றனவா? காற்று முன்னறிவிப்பைவிட அதிகமா?

ஒரு பதில் சரியில்லை என்றாலும் திரும்புங்கள். விரல் கேள்வி முக்கியம். குளிர் ஏறினால் முதலில் போவது விரல்களின் நுணுக்கம், அடுத்தது யோசிக்கும் திறன். துணை இருந்தால் "ஏன் தடுமாறுகிறாய்" என்று அவர் கேட்பார். தனியாக இருக்கும்போது அதைக் கேட்க ஆள் இல்லை, விரல்தான் சொல்ல வேண்டும். இதற்கு அப்பால் அடுத்த சுலபமான இறக்கம் ஃபேர்ஃபீல்டு உச்சியைத் தாண்டித்தான்.

"இவ்வளவு தூரம் வந்தாச்சு" என்ற எண்ணம் இங்கேதான் வரும். நின்ற இடத்திலிருந்து இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே தூரம். ஆனால் பின்னால் சுவர் இருக்கிறது, முன்னால் இல்லை.

9. டிகிரி பிடித்து நடப்பது

காம்பஸின் நீண்ட விளிம்பை மேப்பில் இருக்கும் இடத்திலிருந்து போகும் இடத்துக்கு வையுங்கள். அம்பு போகும் பக்கம் பார்க்கட்டும். வட்டத்தைத் திருப்பி, அதன் உள்கோடுகள் மேப்பின் வடக்கு தெற்குக் கோடுகளோடு ஒத்துப்போகச் செய்யுங்கள். காந்த வடக்குக்கும் மேப் வடக்குக்கும் இந்தப் பகுதியில் இப்போது வித்தியாசம் மிகக் குறைவு, தனியாகத் திருத்த வேண்டாம். மேப்பிலிருந்து எடுத்து, சிவப்பு முள் வட்டத்துக்குள் வரைந்த அம்புக் கூட்டுக்குள் வரும்வரை உடம்போடு திரும்புங்கள். மார்புக்கு நேரே பிடியுங்கள்.

அப்புறம் முள்ளைப் பார்த்துக்கொண்டே நடக்காதீர்கள். அம்பின் நேரில், தெரியும் எல்லைக்குள் ஒரு கல்லையோ புல்திட்டையோ தேர்ந்தெடுங்கள். அதுவரை போங்கள். அங்கே அடுத்த கல். மெதுவாகத்தான் இருக்கும், ஆனால் பக்கவாட்டுக் காற்று உங்களைத் தள்ளிக்கொண்டு போகாது. ஆடு கல் மாதிரியே அசையாமல் படுத்திருக்கும், கவனம்.

ஹார்ட் கிராக்கிலிருந்து ஃபேர்ஃபீல்டுக்கு ஏறக்குறைய 300 டிகிரி, 1.2 கிலோமீட்டர், அரை மணி. ஹார்ட் கிராக்கிலிருந்து வடகிழக்கே இன்னொரு முகடு பிரிகிறது. அதில் இறங்குகிறவர்கள் டிகிரி பார்க்காமல் தேய்ந்த தடத்தைப் பின்தொடர்ந்தவர்கள். முதலில் லிங்க் ஹாஸ் என்ற தாழ்வுக்கு இறங்கி, பின் கல் நிறைந்த சரிவில் ஏறுவீர்கள். தரை சமமானதும் வலது பக்கம் ஒதுங்காதீர்கள். அங்கே டீப்டேல் பக்கத்துப் பாறைச் சரிவு நெருக்கமாக வருகிறது.

10. ஃபேர்ஃபீல்டு உச்சி

இந்தப் பாதையில் அதிகம் பேர் தவறுகிற இடம் இதுதான். உச்சி ஒரு முனை அல்ல, கல் பரந்த அகலமான மேடை. எல்லாத் திசையும் ஒரே மாதிரி இருக்கும். கற்குவியல்கள் ஏராளம், அவை பல வழிகளுக்கானவை. "குவியலைப் பார்த்தேன், அதைப் பிடித்துப் போனேன்" என்று தவறான பள்ளத்தாக்கில் இறங்குவது இங்கே சாதாரணம்.

மேடையில் காற்றுக்கு மறைவாகக் கட்டிய கல் தடுப்பு இருக்கும். அதைக் கண்டுபிடிக்காமல் உச்சியை அடைந்ததாக நினைக்காதீர்கள். உள்ளே உட்காருங்கள். முதல் வேலை காம்பஸ், டீ அப்புறம்தான். மறைவுக்குள் இரண்டு மூன்று முறை திரும்பி உட்கார்ந்தபின், எந்தப் பக்கமிருந்து வந்தோம் என்பதே மறந்துபோகும். வந்த திசை தெளிவாக இருக்கும்போதே வட்டத்தை 190-க்கு அருகில் நீங்கள் அளந்த எண்ணில் வையுங்கள். பின் சாப்பிடுங்கள்.

கிளம்பி முதல் 200 மீட்டர் காலடி எண்ணுங்கள். தரை மெதுவாக, ஒரே சீராக இறங்க வேண்டும். வலதுபுறம் சரளையோடு செங்குத்தாக இறங்கினால், மேற்கே கிரைஸ்டேல் ஹாஸ் பக்கம் போகிறீர்கள். பாறை துருத்தி, முகடு குறுகி, வடக்கே சரிந்தால் அது கோஃபா பைக். இரண்டிலும் செய்ய வேண்டியது ஒன்றே: திரும்ப ஏறித் தடுப்புக்கு வந்து மறுபடி ஆரம்பிப்பது. குறுக்கே வெட்டிச் சரியான முகட்டைப் பிடிக்கலாம் என்று நினைப்பதுதான் ஆபத்து.

சந்தேகம் வந்தால் சரிவைக் கேளுங்கள். நேர் கீழ்நோக்கி முகத்தை வைத்து, அது எந்தத் திசை என்று காம்பஸில் பாருங்கள். மேப்பில் சம உயரக் கோடுகள் அந்தத் திசையில் இறங்கும் இடம் எது என்று தேடினால், நிற்கும் பக்கம் தெரிந்துவிடும்.

காற்று தாங்க முடியாமல் போனால் வேண்டுமென்றே கிரைஸ்டேல் ஹாஸுக்கு இறங்கி, டங் கில் வழியாக கிராஸ்மியர் ஊருக்குப் போகலாம். அந்த வழியும் சீட்டில் முன்பே எழுதியிருக்க வேண்டும்.

11. தெற்கு முகடு

கிரேட் ரிக் உச்சியை அடுத்து வலதுபுறம் ஒரு தெளிவான தடம் தென்மேற்கே பிரியும். அது ஸ்டோன் ஆர்தர் வழியாக கிராஸ்மியருக்குப் போகிறது. ஆபத்தான வழி அல்ல, ஆனால் ஊர் வேறு. உங்களுக்கு வேண்டியது நேர் தெற்கு. தெரியாமல் அதில் இறங்கிவிட்டால் பதற்றப்படாமல் இறங்கியே விடுங்கள், 555 பஸ் ஆம்பிள்சைடுக்கு வரும்.

ஹெரான் பைக்குக்கு முன்னால் சின்னச் சின்ன மேடுகள் வரும். ஒவ்வொன்றையும் அதுதான் என்று நினைக்கத் தோன்றும். கிரேட் ரிக்கிலிருந்து 2 கிலோமீட்டர், கடிகாரத்தில் அரை மணி ஆகும்வரை நம்பாதீர்கள். இடதுபுறம் ரைடல் பள்ளத்தாக்கில் மேகம் விலகி ஓடை தெரிந்தாலும் குறுக்கே இறங்க வேண்டாம்.

12. இடம் தெரியாமல் போனால்

முதலில் நில்லுங்கள். ஜாக்கெட்டை இறுக்கி, எதையாவது சாப்பிடுங்கள். கடைசியாக உறுதியாகத் தெரிந்த இடம் எது, அங்கிருந்து எத்தனை நிமிடம் ஆனது என்று கணக்குப் போடுங்கள். பின் போனை எடுத்து கிரிட் எண்ணை (மேப்பின் கட்டங்களில் உங்கள் இடத்தைச் சொல்லும் எண்) பார்த்து மேப்பில் வைத்துப் பாருங்கள். முடிந்தால் அந்தத் தெரிந்த இடத்துக்கே திரும்புங்கள்.

அடிபட்டு நகர முடியாவிட்டால், மாற்று ஃப்ளீஸைப் போட்டு, பையை அடியில் வைத்து உட்கார்ந்து, சர்வைவல் பைக்குள் புகுந்தபின் 999. கிரிட் எண்ணைச் சொல்லுங்கள். விசிலை நிமிடத்துக்கு ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் விட்டு மறுபடி ஊதுங்கள். பதில் மூன்று ஊதலாக வரும். அது கேட்டாலும் ஊதுவதை நிறுத்தாதீர்கள், அவர்கள் உங்கள் ஒலியைப் பிடித்துத்தான் வருகிறார்கள். இந்த மீட்புக் குழுவினர் தன்னார்வலர்கள், கட்டணம் கிடையாது. செலவுக்குப் பயந்து அழைப்பைத் தள்ளிப்போட வேண்டாம்.

13. நாப் ஸ்கார் இறக்கம்

மேகத்தைவிட்டு வெளியே வந்து ரைடல் ஏரி கண்ணில் பட்டதும் மனது தளர்ந்துவிடும். கால் வழுக்குவது அப்போதுதான். கல் பதித்த செங்குத்தான படிகள், நனைந்து மெருகேறி இருக்கும். இறங்கும் முன் காம்பஸைப் பையில் போட்டு, இரண்டு கையையும் காலியாக்கி, ஊன்றுகோல் இருந்தால் நீட்டிக்கொள்ளுங்கள். மீதிச் சாப்பாட்டை இங்கே முடியுங்கள். பாதத்தைக் கல்லில் முழுதாகப் பதித்து, சின்ன அடிகளாக இறங்குங்கள்.

கீழே ரைடல் மவுன்ட் என்ற வீட்டருகே தார்ச் சாலை. அங்கிருந்து ரைடல் ஹால் வழியாகப் பூங்காப் பாதையில் ஆம்பிள்சைடு 2 கிலோமீட்டர் சொச்சம்.

சாலையில் கால் வைத்ததும், பூட்ஸைக் கழற்றும் முன், டீக்கடை தேடும் முன், வீட்டில் காத்திருப்பவருக்கு "இறங்கிட்டேன்" என்று செய்தி அனுப்புங்கள். ஏரோப்ளேன் மோடை எடுக்க மறந்துவிட்டு, செய்தி போய்விட்டதாக நினைத்துக் குளிக்கப் போகிறவர்கள் உண்டு. போய்ச் சேர்ந்ததா என்று பாருங்கள். பிறகு சீட்டில் ஒவ்வொரு துண்டுக்கும் உண்மையில் ஆன நேரத்தைப் பக்கத்தில் குறித்துவையுங்கள். அடுத்த முறை மேஜையில் உட்காரும்போது நெய்ஸ்மித் கணக்கு வேண்டாம், உங்கள் கணக்கே இருக்கும்.